புதுப்பிப்பு: முதல் வருமான வரிக் கணக்கு போட்டாச்சு

கம்பெனி வேலையை விட்டுட்டு மதுரை அண்ணாநகர்ல சொந்தமா இன்டீரியர் டிசைன் ஆரம்பிச்சேன், முதல் வருஷக் கணக்குக்கு எந்தப் படிவம்னு முன்னாடி கேட்டிருந்தேன். பதில் சொன்ன எல்லாருக்கும் நன்றி. ஐடிஆர்-4 போட்டேன் (செலவுக் கணக்கு காட்டாம, வரவுல ஒரு பங்கை வருமானமாக் காட்டுறவங்களுக்கான படிவம்).

2026 மார்ச் வரைக்கும் நடைமுறையில இருந்த 1961 வருமான வரிச் சட்டத்தோட 44ஏடிஏ பிரிவுல டாக்டர், வக்கீல், இன்ஜினியர் தொழில்களோட சேர்த்து இன்டீரியர் வேலையும் வந்துச்சு. வாங்கின ஃபீஸ்ல குறைஞ்சது பாதியை வருமானமாக் காட்டினாப் போதும். பெட்ரோல் பில், பிரிண்ட் பில்லெல்லாம் கூட்டிக் கழிக்க வேண்டாம். வருஷ வரவு 50 லட்சத்துக்குள்ள இருக்கணும் (ரொக்கம் 5 சதவீதத்தைத் தாண்டலைன்னா 75 லட்சம்). வேலையில இருந்த மாசங்களோட சம்பளத்தையும் ஐடிஆர்-4லயே காட்டலாம்.

இழுத்தடிச்சது டிடிஎஸ்தான் (பணம் கொடுக்கிறவங்களே முன்கூட்டிப் பிடிச்சு அரசுக்குக் கட்டுற வரி). ஒரு பில்டர் 10 சதவீதம் பிடிச்சுட்டுப் பணம் கொடுத்தார், என் பேர்ல கட்டின வரியெல்லாம் காட்டுற 26ஏஎஸ் படிவத்துல அது வரவே இல்ல. "அண்ணே, நீங்க காலாண்டு டிடிஎஸ் ஸ்டேட்மென்ட் போட்டாத்தான் என் பான் நம்பர்ல ஏறும்"னு அவர் ஆபீஸ்லயே போய் உட்கார்ந்தேன். அவங்க அக்கவுன்டன்ட் போட்டப்புறம் ஏறிடுச்சு. புதுசாத் தொழிலுக்கு வர்றவங்களுக்கு அப்படிப் பிடிச்ச வரி பெரிய காசு, தயவுசெஞ்சு விட்டுறாதீங்க.

தாக்கல் பண்ணி 30 நாளுக்குள்ள வெரிஃபை பண்ணணும். ஆதார் ஓடிபியில அதுவும் முடிஞ்சது. ரீஃபண்ட் இன்னும் வரல. அடுத்த வேலை, மார்ச் 15க்குள்ள அட்வான்ஸ் டாக்ஸ் (வருஷம் முடியறதுக்கு முன்னாடியே கட்டுற வரி).