காலையில் முதல் ஸ்டார்ட்டில் 3 செக்கன் கரகர சத்தம்: செயினா, விவிடி கியரா?

எஞ்சின் வேலை தெரிந்த அண்ணாமாரே, ஒருக்கா பார்த்துச் சொல்லுங்கோ.

கார் 2008 டொயோட்டா அக்ஸியோ, 1500 சிசி. இரவு முழுக்க நின்ற பிறகு ஸ்டார்ட் பண்ணும்போது மட்டும் 2, 3 செக்கன் இரும்பு உரசுற மாதிரிக் கரகர என்று கேட்குது. சூடான எஞ்சினை நிப்பாட்டி உடனே போட்டால் வராது.

ஒயில் 5டபிள்யூ-30, டிப்ஸ்டிக்கில் மேல் கோட்டில் நிற்குது. பெல்ட்டைக் கழற்றிவிட்டுக் காலையில் சில செக்கன் ஓடவிட்டும் சத்தம் அப்படியே. ஆகவே ஒல்டனேட்டர், வோட்டர் பம்ப் பேரிங் இல்லை. (வோட்டர் பம்பும் அந்த பெல்ட்டில்தான் சுற்றுது, இந்தச் சோதனையை நீட்டாதீங்கோ.) நீள ஸ்க்ரூட்ரைவரை வைத்துக் கேட்டால் டைமிங் கவரின் (டைமிங் செயினை மூடியிருக்கிற கவர்) மேல்பக்கம்தான் சத்தம் கூட. ரொட் பேரிங் என்றால் சூட்டிலும், அக்ஸிலேட்டர் மிதிக்கும்போதும் தட்டும், அது இல்லை.

மிச்சம் மூன்று சந்தேகம். ஒயில் பில்டரின் உள் வால்வ் பழுதாகி இரவில் ஒயில் கீழே இறங்குவது, விவிடி கியரின் (வால்வ் திறக்கிற நேரத்தை ஒயில் அழுத்தத்தால் மாற்றுற கியர்) லொக் பின், அதாவது ஸ்டார்ட்டில் கியரை ஆடாமல் பிடிக்கிற பின், தேய்வது, செயின் டென்ஷனர் (செயினை இறுக்கி வைக்கிற பாகம்). பில்டர் மலிவு, அதை முதலில் மாற்றப் போறேன்.

சத்தம் நிற்காவிட்டால், டைமிங் கவரைத் திறக்காமல் வால்வ் கவரை மட்டும் கழற்றி, கியரைக் கையால் ஆட்டிப் பார்த்து, லொக் பின் தேய்ந்ததா என்று பிடிக்கலாமா? கொழும்பு பஞ்சிகாவத்தை வாகன உதிரிப்பாகக் கடைகளில் ரீகண்டிஷன் கியர் வாங்கிப் போட்டவர்கள், எத்தனை கிலோமீட்டர் நின்றது என்று கட்டாயம் எழுதுங்கோ.