மறு: பக்கவாதத் துண்டறிக்கை – ‘புறக்கணிப்பு’ வேண்டாம், ‘புலப்படாமை’ பொருந்தும்

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். பக்கவாதத்துக்குப் பின் சிலருக்கு ஒரு பக்கம், பெரும்பாலும் இடப்பக்கம், கவனத்துக்கே எட்டாமல் போகும். ஆங்கிலத்தில் ‘நெக்லெக்ட்’ எனப்படும் அந்த நிலைக்கு நம் துண்டறிக்கையில் எந்தத் தமிழ்ச் சொல்லை வைப்பது என்பது பற்றி நீங்கள் எழுப்பிய கேள்விகளுக்கு என் பதில் இது.

> ‘நெக்லெக்ட்’ என்றால் புறக்கணிப்பு. பழைய பட்டியல்களிலும் அப்படித்தான் இருக்கிறது. எதற்கு மாற்ற வேண்டும்?

அந்தச் சொல் ஏற்கெனவே வேறு வேலையில் இருக்கிறது. வயதான பெற்றோரைப் பிள்ளைகள் கவனிக்காமல் விடுவதற்கு இங்கே நாம் ‘புறக்கணிப்பு’ என்றுதான் எழுதுகிறோம். அண்மையில் பகல்நேர மறுவாழ்வு நிலையம் ஒன்றில் நம் வரைவை ஒரு மகளிடம் காட்டினேன். ‘இடப்பக்கப் புறக்கணிப்பு உள்ளது’ என்ற வரியில் அவருடைய விரல் நின்றுவிட்டது. “யார் புறக்கணித்தது? வேலையை விட்டுவிட்டல்லவா அப்பாவைப் பார்த்துக்கொள்கிறேன்” என்றார். சிகிச்சையாளர் விளக்கியதும் கோபம் அப்பா மீது திரும்பியது: “அப்படியானால் இவர்தான் வேண்டுமென்றே அந்தப் பக்கம் பார்ப்பதில்லையா?” புறக்கணிப்பது என்றாலே மனமறிந்து ஒதுக்குவதுதான். இந்தச் சொல்லை வைத்துக்கொண்டால் வீட்டில் யாராவது ஒருவர் குற்றவாளி ஆகாமல் தீராது.

> கண் பிரச்சினைதானே? ‘பார்வைக் குறைபாடு’ என்றால் பாட்டிக்கும் புரியும்.

புரியும், தவறாக. இங்கே கோளாறு கண்ணில் இல்லை. மூளையின் வலப்பாதி அடிபடும்போது இடப்பக்க உலகம் கணக்கிலிருந்தே விழுந்துவிடுகிறது. கண்ணின் அரைப்பார்வை போனவர் பெரும்பாலும் அதை உணர்ந்து தலையைத் திருப்பிப் பார்த்துக்கொள்வார். இவருக்குத் திருப்ப வேண்டும் என்றே தோன்றாது.

அதே பெரியவர் வாழையிலைச் சாப்பாட்டின் முன் உட்கார்ந்திருந்ததைச் சொல்ல வேண்டும். நுனியிலை முறைப்படி இடப்பக்கம். உப்பும் ஊறுகாயும் இடது ஓரத்தில். சோற்றின் வலப்பாதியைச் சுத்தமாக வழித்துச் சாப்பிட்டுவிட்டு, நடுவில் கோடு கிழித்ததுபோல் நிறுத்திக்கொண்டார். “ஊறுகாய் வைக்கவில்லையா?” என்று பரிமாறியவரைக் கடிந்தும் கொண்டார். மகள் இலையை அப்படியே சுற்றித் திருப்பி வைத்தார். சோறு, ஊறுகாய் எல்லாம் ‘வந்துவிட்டன’. பெரியவர் மறுபடி சாப்பிட ஆரம்பித்தார்.

கண்ணை மூடிக்கொண்டாலும் இது நிகழும் என்பதற்கு 1978-இல் இத்தாலிய ஆய்வாளர்கள் பிஸியாக், லுட்ஸாட்டி இருவரும் வெளியிட்ட ஆய்வே சான்று. மிலான் நகரத்து நோயாளிகளிடம், தேவாலயச் சதுக்கத்தை மனத்தில் நினைத்துச் சொல்லச் சொன்னார்கள். தேவாலயத்தைப் பார்த்து நிற்பதாக எண்ணியபோது வலப்பக்கக் கட்டடங்களைச் சொன்னார்கள். தேவாலய வாசலிலிருந்து எதிர்ப்புறம் பார்ப்பதாக எண்ணச் சொன்னதும், முன்பு விட்ட கட்டடங்கள் வந்தன, முன்பு சொன்னவை காணாமற்போயின. நினைவு முழுதாக இருக்கிறது, எட்டுவது மட்டும் பாதி. ஆகவே இன்னொரு நண்பர் முன்வைத்த ‘பக்கமறதி’யும் ஆகாது. முதியவர் விஷயத்தில் மறதி என்று எழுதினால் வீட்டார் உடனே முதுமை மறதி நோய்க்குத் தாவிவிடுவார்கள். ‘கவனக்குறைவு’ பற்றிப் பேசவே வேண்டாம், அது சாலை விபத்துச் செய்திக்கு நேர்ந்துவிட்ட சொல்.

என் முன்மொழிவு: ‘இடப்பக்கம் புலப்படாமை’.

இதில் எழுவாய் நோயாளி இல்லை, பக்கம். அந்தப் பக்கம் அவருக்குப் புலப்படவில்லை, அவ்வளவுதான். அவர் எதையும் செய்யவுமில்லை, செய்யத் தவறவுமில்லை. புலன் என்பது ஐந்துக்கும் பொது என்பதால் தொடுகையும் ஒலியும் இதில் அடங்கும்.

> நீளமாக இருக்கிறதே. துண்டறிக்கையில் பத்து இடத்தில் வருமே.

இரண்டாவது முறை முதல் ‘புலப்படாப் பக்கம்’ என்று எழுதலாம். இலக்கணம் இடம் தருகிறது, ஒற்றும் முறையாக மிகுகிறது. வாக்கியங்களில் வைத்துப் பார்த்தேன்: ‘சக்கர நாற்காலியில் அமரும்போது புலப்படாப் பக்கத்துக் கை சக்கரத்தில் சிக்கிவிடாமல் பார்த்துக்கொள்ளுங்கள்.’ ‘செய்தித்தாளின் புலப்படாப் பக்கத்து ஓரத்தில் சிவப்புப் பட்டை ஒட்டுங்கள், ஒவ்வொரு வரியையும் அந்தச் சிவப்பிலிருந்து தொடங்கச் சொல்லுங்கள்.’ தடுக்காமல் ஓடுகின்றன.

சாலை பற்றிய வரியை மட்டும் நாமே புதிதாக எழுத வேண்டும். வலப்புறமாக வாகனம் ஓடும் நாட்டின் கையேட்டிலிருந்து பெயர்த்தால் ஆபத்து. சிங்கப்பூரில் இருவழிச் சாலையில் கால் வைத்ததும் வண்டி வருவது வலப்பக்கத்திலிருந்து. அதை இவர் பார்த்துவிடுவார். பாதிச் சாலை கடந்த பிறகுதான் இடப்பக்கத்திலிருந்து வரும். சாலையைக் கடப்போருக்கான ‘பச்சை மனிதர்’ விளக்கில் கூடுதல் நொடிகள் பெற மூத்தோர் அட்டையைத் தட்டினாலும், உடன் செல்பவர் அவருக்கு இடப்பக்கமாக நடப்பதே நல்லது.

இந்நிலைக்குச் சிகிச்சையாக முயன்று பார்க்கப்படும் முப்பட்டகக் கண்ணாடி பற்றிய பத்தியை நான் சுருக்கிவிட்டேன். 1998-இல் ரொசெட்டி குழுவினர் ‘நேச்சர்’ இதழில் எழுதியது அது: காட்சியை வலப்பக்கம் 10 பாகை நகர்த்தும் கண்ணாடியுடன் பொருள்களைச் சுட்டிப் பழகி, கழற்றியபின் கை இடப்பக்கம் சாயத் தொடங்குகிறது. பின்வந்த ஆய்வுகளின் முடிவுகள் ஒன்றுபோல் இல்லாததால் நம் அறிக்கையில் வாக்குறுதிபோல் ஒலிக்கக் கூடாது.

சோதனைத் தாள் தயாரிப்பவர்களுக்கு ஒன்று. சொல்லின் இடப்பகுதியை விட்டுவிட்டுப் படிப்பதும் இந்நிலையின் ஒரு முகம். ஆங்கிலச் சொற்பட்டியலைப் பெயர்த்தால் நமக்கு உதவாது. தமிழில் கொம்பு எழுத்துக்கு இடப்பக்கம் நிற்கிறது. அதை விட்டால் ‘கொடு’ காடு ஆகும், ‘பொட்டு’ பாட்டு ஆகும். இப்படிப்பட்ட சொற்களாகப் பொறுக்கிச் சேர்த்தால் ஒரு நல்ல தாள் கிடைக்கும்.

துண்டறிக்கை அச்சுக்குப் போகுமுன் இன்னொரு சொல் பாக்கி. இடக்கையை மட்டும் தொட்டால் உணர்கிறார், இரண்டு கையையும் ஒரே நேரத்தில் தொட்டால் வலக்கையை மட்டும் சொல்கிறார். ‘எக்ஸ்டிங்க்‌ஷன்’ என்கிறார்கள். ‘அழிவு’ என்று மட்டும் யாரும் எழுதி அனுப்பிவிடாதீர்கள்.