கட்டி இல்லை, சிவப்பு மட்டும்தான் இருந்தது

அம்மாவுக்கு அப்போது 54 வயது. இடது மார்பு ஒரே வாரத்தில் சிவந்து வீங்கி, தொட்டால் சுட்டது. தடவிப் பார்த்தால் கட்டி எதுவும் தட்டுப்படவில்லை. கிருமித் தொற்று என்று ஆன்டிபயாடிக் கொடுத்தார்கள். குறையவில்லை, வேறொன்றை மாற்றிக் கொடுத்தார்கள். அதற்குள் தோல் ஆரஞ்சுப் பழத் தோல் மாதிரி குழி குழியாகி, அக்குளிலும் நெறி கட்டிவிட்டது. ஆறு வாரம் போனது. அதை நினைத்தால் இன்னும் வயிறு எரிகிறது.

பிறகு பார்த்த மருத்துவர் கேட்ட முதல் கேள்வி: "பால் கொடுக்கிற வயசா இது, சீழ் பிடிக்க?" மார்பிலும் தோலிலும் சதை எடுத்துச் சோதனைக்கு அனுப்பினார். அழற்சி மார்பகப் புற்றுநோய் என்று வந்தது. மார்பகப் புற்றுநோய்களில் நூற்றுக்கு 1 முதல் 5 வரைதான் இந்த வகை. தோலில் உள்ள நிணநீர்க் குழாய்களைப் புற்றணுக்கள் அடைத்துவிடுவதால் வருகிற சிவப்பு அது, கிருமி மருந்துக்கு எப்படி அடங்கும்? கண்டுபிடிக்கும்போதே குறைந்தது மூன்றாம் நிலை.

"உடனே எடுத்துப் போடாம எதுக்குக் கீமோ?" என்று உறவுக்காரர்கள் எல்லோரும் கேட்டார்கள். எங்களுக்கும் அதே பதற்றம்தான். நோய் தோலெங்கும் படர்ந்திருக்கும்போது முதலில் கத்தி வைத்தால் ஓரத்தில் மிச்சம் நின்றுவிடும், சுருக்கிய பிறகே எடுக்க வேண்டும் என்று மருத்துவர் படம் போட்டு விளக்கினார். அம்மாவுக்கு ஹெர்-2 பாசிட்டிவ், அதாவது புற்றணுவை வளரத் தூண்டும் ஹெர்-2 என்ற புரதம் அதிகம். அதனால் கீமோவோடு, அந்தப் புரதத்தைக் குறிவைக்கும் டிராஸ்டுசுமாப் மருந்தும் மூன்று வாரத்துக்கு ஒருமுறை ஏற்றினார்கள். மூன்றாவது தடவைக்குப் பிறகு சிவப்பு இறங்கத் தொடங்கியது. அப்புறம் மார்பு முழுவதையும் அக்குள் நெறிகளையும் எடுத்தார்கள், கரண்ட் (கதிர்வீச்சு) வைத்தார்கள். எடுத்த சதையில் உயிருள்ள புற்றணு இல்லை என்று ரிப்போர்ட் வந்த அன்று அப்பா வெகுநேரம் பேசாமல் உட்கார்ந்திருந்தார். இப்போது ஐந்தாவது ஆண்டு நடக்கிறது.

*

உங்கள் அம்மா நன்றாக இருக்கட்டும். என் அக்காவுக்கும் இதே நோய், ஆனால் டிரிபிள் நெகட்டிவ், அதாவது ஹெர்-2 அதிகமில்லை, இரண்டு ஹார்மோன் ஏற்பிகளும் இல்லை. ஹெர்-2 மருந்தோ ஹார்மோன் மாத்திரையோ அதற்கு வேலை செய்யாது. சிகிச்சை வரிசை நீங்கள் சொன்னதேதான். கீமோவில் பாதிதான் சுருங்கியது. அறுவை முடிந்து எட்டே மாதத்தில் நுரையீரலில் வந்துவிட்டது. 41 வயதில் போய்விட்டாள். இதையும் யாராவது சொல்ல வேண்டும் என்றுதான் எழுதுகிறேன்.

அமெரிக்கக் கணக்கில் ஐந்து ஆண்டு தாண்டுகிறவர்கள் நூற்றுக்குச் சுமார் 40 பேர். கீமோ சேராத காலத்தில் ஐந்து பேர்கூட இல்லை. ஆனால் அந்த 40 எல்லோரையும் சேர்த்த எண். உங்கள் ரிப்போர்ட்டில் ஹெர்-2 என்ன, ஹார்மோன் என்ன, வேறு உறுப்புக்குப் போயிருக்கிறதா என்று மருத்துவரிடம் கேட்டுவிட்டு அதைப் பாருங்கள். அக்கா முதல் இரவே அந்த எண்ணைச் செல்போனில் படித்துவிட்டாள். அன்று அவள் தூங்கவேயில்லை.

*

எனக்கு 36 வயது, இதே நோய்தான். கைக்குழந்தை இருப்பதால் எல்லோரும் பால் கட்டு என்றார்கள். பத்து நாள் மருந்தில் குறையவில்லை, நானே பயாப்ஸி (சதைச் சோதனை) எடுக்கச் சொல்லிக் கேட்டேன். நாலு கீமோ முடிந்தது, செவ்வாய்க்கிழமை ஐந்தாவது. முடி போனதைவிட பிள்ளைக்குப் பால் நிறுத்தியதுதான் தாங்கவில்லை. முதலில் எழுதிய அக்கா, அக்குள் நெறி எடுத்த பிறகு அம்மாவுக்குக் கை வீங்கியதா?

*

வீங்கியதும்மா, கரண்ட் முடிந்து மூன்றாவது மாதம். பிசியோதெரபி, இறுக்கமான கையுறை இரண்டிலும் நன்றாகக் குறைந்தது. அந்தக் கையில் ஊசியோ பிபியோ வேண்டாம் என்று போகிற இடத்திலெல்லாம் முதலிலேயே சொல்லிவிடுவோம். நீ அறுவைக்கு முன்பே இரண்டு கைகளையும் டேப்பால் அளந்து எழுதி வைத்துக்கொள். நாங்கள் அளக்கவில்லை, வீக்கம் தெரிவதற்கே நாளாகிவிட்டது.