மண்டபத்து ஈரக்காற்றும் சிலிக்காத் துளைக்குள் வைத்த மருந்தும்

ராமேஸ்வரம் அருகே மண்டபத்தில் கடலை ஒட்டிய எங்கள் வீட்டில், ஐப்பசி பிறந்துவிட்டால் ஜாடியிலுள்ள கல்லுப்பே நீர்விட்டு நிற்கும். அந்த வீட்டு அலமாரியில் ஒரு மருந்து மாதிரியை மூடி சரியாக இறுகாத குப்பியில் மூன்று வாரம் விட்டுவைத்தேன்.

மருந்து இண்டோமெதாசின் என்னும் வலி, வீக்க நிவாரணி; நீரில் எளிதில் கரையாதது. அதை எத்தனாலில் கரைத்து, சில நானோமீட்டர் அகலத் துளைகள் கொண்ட சிலிக்காப் பொடியில் ஊறவிட்டு உலர்த்தினால், துளைக்குள் படிகம் கட்ட இடமில்லாததால் மருந்து படிகமற்ற நிலையிலேயே தங்கும். அந்நிலையில் அது விரைந்து கரையும். மூன்று வாரத்துக்குப் பின்னும் எக்ஸ் கதிர்ச் சோதனையில் படிகத்துக்குரிய கூர்முகடு ஒன்றும் தென்படவில்லை. நிம்மதியடைந்தேன்.

அதே பொடியை, சிதறும் லேசர் ஒளியைக் கொண்டு பொருளை இனங்காணும் ராமன் நுண்ணோக்கியில் ஒரு மைக்ரோமீட்டர் இடைவெளியில் புள்ளி புள்ளியாக அளந்தபோது அந்த நிம்மதி போயிற்று. படிகமற்ற இண்டோமெதாசின் 1680 அலையெண் (செ.மீ⁻¹) அருகே அகன்ற முகடு தரும். அதன் படிக வடிவங்களுள் ஒன்றான காமா படிகமோ 1699 அருகே கூர்மையாகத் தரும். இவற்றை நிறமிட்டு வரைந்த படத்தில், பொடி மணிகளின் உட்பகுதி முழுவதும் 1680-இன் நிறமே. இரண்டு மணிகளின் வெளிவிளிம்பில் மட்டும் 1699 மெல்லிய கோடாகப் படிந்திருந்தது. துளைக்குள் போகாமல் மேற்பரப்பில் தங்கிய மருந்துதான் ஈரத்தில் இளகிப் படிகமாகியிருக்க வேண்டும். பொடி முழுவதற்கும் சராசரி காட்டும் எக்ஸ் கதிரில் இவ்வளவு சிறிய பங்கு மறைந்துவிடுகிறது.

லேசர்ச் சூட்டில் விளைந்த படிகமோ என்று அஞ்சினேன். படிகமற்ற இண்டோமெதாசின் சுமார் 42 டிகிரியிலேயே இளகத் தொடங்கும். லேசர்த் திறனைப் பத்தில் ஒரு பங்காகக் குறைத்து, ஒளி படாத வேறு மணிகளை அளந்தேன். அங்கும் அதே கோடு இருந்தது.

மறுமொழி:

அக்கா, தொண்டியிலிருந்து எழுதுகிறேன். நான் கடல்நீரில் வளர்த்த டயாட்டம்கள் என்னும் நுண்பாசிகளின் சிலிக்கா ஓடுகளில் இதே மருந்தை ஏற்றினேன். 532 நானோமீட்டர் லேசரில், ஓட்டில் எஞ்சிய உயிர்ப்பொருளின் ஒளிர்வு முகடுகளை எல்லாம் மூழ்கடித்துவிட்டது. ஓடுகளை ஹைட்ரஜன் பெராக்சைடில் கழுவி, 785-க்கு மாறிய பிறகே வரைபடம் தெளிந்தது. அந்தத் துளைகள் உங்கள் பொடியினுடையவற்றைவிடப் பல மடங்கு அகலமானவை. அதனால் ஓட்டின் நடுப்பகுதியிலேயே படிகம் தெரிந்தது. நீங்கள் எத்தனாலை எவ்வளவு மெதுவாக ஆவியாக்கினீர்கள், மருந்து எத்தனை விழுக்காடு ஏற்றினீர்கள் என்று சொல்ல முடியுமா, அக்கா?