ஏஎன்ஏ பாசிட்டிவ், ஆனா லூபஸ் இல்லையாம்: கோவிட்டுக்கு அப்புறம் வந்த அசதி யாருக்காச்சும் இருக்கா?

2021 மே மாசம் ரெண்டாவது அலைல கோவிட் வந்துச்சு, ஆஸ்பத்திரில சேரல, வீட்லயே சரியாயிடுச்சு. பிரச்சினை அதுக்கப்புறம் தான். சும்மா சோர்வு இல்லங்க இது. அக்கா பேத்திக்கு காதுகுத்து, கோயில்ல நல்லா தான் நின்னேன், பந்தில பரிமாறக்கூட செஞ்சேன், அன்னைக்கு ஒண்ணும் தெரியல, மறுநாள் சாயங்காலத்துல இருந்து தண்ணிச் சொம்பத் தூக்க கை வரல, பேச வந்தா வார்த்தை வரமாட்டேங்குது, லைட்டு போட்டா கண்ணு கூசுது, அந்த வாரம் பூரா கட்டில் தான். வீட்ல "நேத்து ஓடியாடிட்டு தானே இருந்தே"ங்குறாங்க, அவங்களையும் குத்தம் சொல்ல முடியல.

தைராய்டு, சுகர், ஹீமோகுளோபின் எல்லாம் நார்மல். ஒரு ரூமட்டாலஜி (மூட்டு, வாத நோய்) டாக்டர் ஏஎன்ஏ பாக்கச் சொன்னார், நம்ம செல்லையே குறி வெக்கிற ஆட்டோ ஆன்டிபாடி ரத்தத்துல இருக்கான்னு பாக்குற டெஸ்ட், 1:160னு வந்துச்சு. பாசிட்டிவ்னு தடிச்ச எழுத்துல பாத்ததும் எதிர்ப்பு சக்தியே உடம்ப தாக்குற லூபஸ் வியாதின்னு நெனச்சு அழுதுட்டேன். அவர் சாதாரணமா சொல்றார், எந்த வியாதியும் இல்லாத நூறு பேரை டெஸ்ட் பண்ணா அஞ்சு பேருக்கு இந்த அளவு வரும்மா, உனக்கு லூபஸுக்குப் பாக்குற டிஎஸ்டிஎன்ஏ டெஸ்ட் நெகட்டிவ், மூட்டு வீக்கம் இல்ல, யூரின்ல புரோட்டீன் இல்ல, இத வெச்சு ஸ்டீராய்டு தர மாட்டேன்னு. சரி, அப்போ எனக்கு என்ன தான்? கோவிட்டுக்கு அப்புறம் வர்ற இந்த அசதிக்கு ஆட்டோ ஆன்டிபாடி தான் காரணம்னு எல்லா பக்கமும் படிக்கிறேன். யாராச்சும் அதுக்கு ட்ரீட்மென்ட் எடுத்தீங்களா?

*

அக்கா, நான் ஜேர்மனில இருக்கிறன், 2022 ல இருந்து எனக்கும் இதே கதை தான். இங்க எல்லாரும் வேற ஒரு டெஸ்டுக்குப் பின்னால ஓடினவை. நெஞ்சுத்துடிப்பு, ரத்தக்குழாய் எல்லாத்தையும் நடத்துற பீட்டா 2, மஸ்கரினிக் ரிசெப்டர் இருக்கெல்லோ, அதில ஒட்டுற ஆன்டிபாடி. கோவிட்டுக்கு முன்னமே, 2016 ல, பேர்லின் சாரிட்டே ஆஸ்பத்திரி ஆக்கள் நாட்பட்ட களைப்பு நோயாளிகள்ள ஒரு பகுதிக்கு இது கூடுதலா இருக்கெண்டு எழுதினவை. நானும் சொந்தக் காசில செய்விச்சன், கூடுதலாத் தான் வந்தது. குடும்ப டொக்டரிட்ட நீட்ட, "சரி, இதை வச்சு நான் இப்ப என்ன செய்யிறது?" எண்டார். நியாயமான கேள்வி. நோயில்லாத ஆக்களுக்கும் இது இருக்கு.

பிறகு இங்க எர்லாங்கன் நகரத்தில, இந்த ஆன்டிபாடியை முடக்கிறதுக்கு பிசி 007 எண்டு ஒரு மருந்து, 2021 ல ஒரு நோயாளிக்கு நல்லா வேலை செய்ததெண்டு பேப்பரெல்லாம் வந்து, நாங்களும் அதையே நம்பிக்கொண்டு இருந்தம், 2024 நவம்பர்ல ட்ரையல் முடிவு வந்தா பிளாசிபோவை (மருந்தில்லாத போலி மருந்தை) விட ஒரு வித்தியாசமும் இல்லையாம். ரத்தத்தில இருந்து ஆன்டிபாடியை வடிச்செடுக்கிற முறையை சாரிட்டேல 20 பேருக்கு அஞ்சஞ்சு தரம் செய்து 14 பேர் முன்னேறினவை, ஆனா ஒப்பிட்டுப் பாக்க அந்தச் சிகிச்சை எடுக்காத கண்ட்ரோல் குரூப் இல்லை. தனியார் கிளினிக்குகள் கேக்கிற காசுக்கு இது போதாதெண்டுறது என்ர எண்ணம்.

*

அதுக்காக ஆன்டிபாடி தான் காரணம்ங்குற தியரியே பொய்னு தள்ளிட வேணாம். 2024 ல ஆம்ஸ்டர்டாம்லயும், அமெரிக்காவுல யேல் யுனிவர்சிட்டில இவாசாகி டீமும், லாங் கோவிட் (கோவிட் போயும் மாசக்கணக்கா விடாத தொந்தரவு) ஆளுங்களோட ஐஜிஜி ஆன்டிபாடிய எலிக்கு ஏத்துனாங்க, எலிக்கு வலி அதிகமாச்சு. நார்வே பெர்கன்ல ஃப்ளூகே, மெல்லானு ரெண்டு கேன்சர் டாக்டருங்க, ரிடுக்ஸிமாப்ங்குற மருந்த நாட்பட்ட களைப்பு நோயாளிங்க 151 பேர வெச்சு ட்ரையல் பண்ணி 2019 ல பலனில்லன்னு அவங்களே பப்ளிஷ் பண்ணாங்க. அது ஆன்டிபாடி செல்லா மாறப்போற பி செல்ல அழிக்கும், ஆனா ஏற்கனவே ஆன்டிபாடி சுரந்துட்டு இருக்குற பிளாஸ்மா செல் தப்பிச்சிரும். அதனால அந்த பிளாஸ்மா செல்லையே அடிக்கிற டாராடுமுமாப்ங்குற மருந்த அவங்களே இப்போ அதே நோய்க்குக் குடுத்துப் பாத்தாங்க, 10 பொம்பளைங்கள்ல 6 பேருக்கு நல்ல மாற்றம். சின்ன ஸ்டடி, கண்ட்ரோல் கிடையாது, மருந்தும் மைலோமாங்குற ரத்தப் புற்றுநோய்க்கு குடுக்குறது, யாரும் டாக்டர்கிட்ட போய் எழுதித் தாங்கன்னு நிக்காதீங்க.

*

ரெண்டு பேருக்கும் நன்றிங்க, அந்த டெஸ்டுக்கு எடுத்து வெச்ச பணத்த இப்போதைக்கு தொடல. ஸ்டூல் போட்டு உக்காந்து குளிக்கிறேன், சமையல்ல பாதி உக்காந்தே. ஆனா எந்திரிச்சு நின்னாலே ஆக்சிமீட்டர்ல துடிப்பு 120 காட்டுது, படுத்தா 80க்கு வந்துடுது, இதுக்கு யாராச்சும் கார்டியாலஜி பாத்தீங்களா?