குழந்தை வளர்ச்சிப் படிப்பு: சேலத்தில் படித்தவர்களின் உதவி தேவை

குழுவினர் அனைவருக்கும் வணக்கம். ஏற்காட்டில் வசிக்கும் என் தங்கை, பிளஸ் டூ முடித்துவிட்டு, சேலத்தில் ஏதேனும் ஒரு சமுதாயக் கல்லூரியில் குழந்தை வளர்ச்சியும் குடும்பவியலும் படிக்க விரும்புகிறாள். 1975இல் தொடங்கிய ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டத்தின் அங்கன்வாடிகள் மலைக் கிராமங்களிலும் இயங்குவதால், களப்பயிற்சியை அங்கேயே முடிக்க அனுமதிப்பார்களா என்பதே எங்கள் முதல் கேள்வி. 20 கொண்டை ஊசி வளைவுகளைத் தினமும் பேருந்தில் கடப்பது, அதிலும் மழைக்காலத்தில், எளிதன்று. தொலைநிலைக் கல்வியில் சேரலாம் என்று சிலர் கூறினாலும், மூன்று வயதுக் குழந்தை விளையாடுவதைக் கவனித்துக் குறிப்பெடுக்கும் பயிற்சியை ஆசிரியர் அருகிலிருந்து திருத்துவதே நல்லது என்று நான் கருதுகிறேன். இப்படிப்பை முடித்தவர்கள், கட்டணம், விடுதி வசதி, பின்னர் மனையியல் பட்டப்படிப்பில் சேரும் வாய்ப்பு ஆகியவை குறித்துத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறேன்.