ஆர்டிஎக்ஸ் 4090-க்கு 27 அங்குல 4கே மானிட்டர் வீணா?

வைகைக்கரையான்:
"27 அங்குலத்தில் 4கே வெறும் விளம்பரம், 1440பி-க்கும் அதற்கும் கண்ணுக்கு வித்தியாசமே தெரியாது" என்று திருநகர் வாசி நேற்று எழுதியதைப் படித்துவிட்டுப் பேசாமல் இருக்க முடியவில்லை. எந்த மானிட்டர் வாங்கலாம் என்று இங்கே கேட்ட மாணவரிடம் இருப்பது 24 ஜிபி நினைவகம் கொண்ட ஆர்டிஎக்ஸ் 4090, அதாவது விளையாட்டின் படங்களை வரைந்து தரும் கிராஃபிக்ஸ் கார்டு. அதை 1440பி மானிட்டரில் மாட்டச் சொல்வது வாடிவாசல் காளையைச் செக்கில் பூட்டுவதற்குச் சமம். 1440பி திரையில் இருப்பவை 36,86,400 புள்ளிகள், 4கே-யில் 82,94,400. இரண்டேகால் மடங்கு வித்தியாசம் கண்ணுக்குத் தெரியாதென்றால், குறை மானிட்டரில் இல்லை.

திருநகர் வாசி:
தம்பி, புள்ளிகளை எண்ணினால் போதாது, எவ்வளவு தூரத்திலிருந்து பார்க்கிறோம் என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். நல்ல பார்வையுள்ள கண் பார்வைக் கோணத்தின் ஒரு பாகைக்குச் சுமார் 60 புள்ளிகள் வரைதான் பிரித்தறியும் என்பது பொதுவான கணக்கு. 27 அங்குல 1440பி-யில் அங்குலத்துக்கு 109 புள்ளிகள் இருப்பதால், மூன்றடி தள்ளி உட்கார்ந்தாலே பாகைக்கு 68 கிடைத்துவிடுகிறது. அதற்கு மேல் வரும் புள்ளிகளுக்கு எதற்குக் காசு? அந்தப் பணத்தில், விநாடிக்கு 360 முறை படத்தைப் புதுப்பிக்கும் 360 ஹெர்ட்ஸ் மானிட்டர் வாங்கினால் ஒரு ஃபிரேம், அதாவது ஒரு படம், 2.8 மில்லி விநாடியில் மாறும். 144 ஹெர்ட்ஸில் அது 6.9. வேலரண்ட் மாதிரி வேகமான துப்பாக்கி விளையாட்டு ஆடுகிற பையனுக்கு அதுதான் உதவும்.

வைகைக்கரையான்:
மூன்றடி தள்ளி யார் உட்காருகிறார்கள்? சாதாரணக் கம்ப்யூட்டர் மேசையின் அகலமே இரண்டடிதான். இரண்டடியில் உங்கள் 1440பி பாகைக்கு 46 புள்ளிகளையே தருகிறது, 4கே 68 தருகிறது. நீங்கள் கொண்டுவந்த கணக்கே உங்களுக்கு எதிராக நிற்கிறது. டவுன்ஹால் ரோட்டில் ஒரு கடையில் இரண்டையும் அருகருகே வைத்துப் பார்த்தேன். 1440பி-யில் சிறிய எழுத்தில் 'ஞ', 'ண' ஆகியவற்றின் சுழிகள் அடைத்துக்கொண்டன. 4கே-யில் தனித்தனியாகத் தெரிந்தன. விளையாட்டில் தொலைவிலுள்ள கம்பிவேலி 1440பி-யில் மினுமினுத்தது, 4கே-யில் அசையாமல் நின்றது.

மேலூரான்:
அண்ணன்மார் இருவரும் அடிக்கணக்கிலேயே நிற்கிறீர்கள். மேற்கு ஜன்னல் உள்ள அறையில், சித்திரை வெயிலில் பளபளப்பான ஓஎல்இடி வகைத் திரையுள்ள மானிட்டர் முகம் பார்க்கும் கண்ணாடியாகிவிடும் என்பதை ஏன் ஒருவரும் எழுதவில்லை? மேலும் 4090-இல் இருப்பது டிஸ்ப்ளேபோர்ட் 1.4 என்ற மானிட்டர் இணைப்பு; 4கே 240 ஹெர்ட்ஸ் படம் அதில் சுருக்கப்படாமல் போகாது.

வைகைக்கரையான்:
அந்த இணைப்பில் நடக்கும் டிஎஸ்சி எனும் படச் சுருக்கத்தைக் கண்ணால் கண்டுபிடிப்பது மிக அரிது. இதே கார்டுக்கு 650 வாட்ஸ் பவர் சப்ளை போதும் என்று சென்ற ஆண்டு ஒருவருக்கு எழுதியவர் நீங்கள்தானே? கார்டைத் தயாரிக்கும் என்விடியா பரிந்துரைப்பது 850 வாட்ஸ். அந்த ஆலோசனையை நான் மறக்கவில்லை.

மேலூரான்:
பவர் சப்ளையைப் பற்றி இங்கே யாரும் கேட்கவில்லை. ஓஎல்இடி பற்றிய கேள்விக்கு இன்னும் பதில் வரவில்லை.

திருநகர் வாசி:
வைகைக்கரையார் 4கே, 4கே என்கிறார். சைபர்பங்க் 2077 விளையாட்டில், ஒளி செல்லும் பாதைகளைக் கணக்கிட்டு வரையும் பாத் டிரேசிங்கைப் போட்டால், சிறிய படத்தை வரைந்து பெரிதாக்கும் டிஎல்எஸ்எஸ் உதவியின்றி 4090-ஆல் 4கே-யில் விநாடிக்கு 60 ஃபிரேம்கள் தர முடியாது. வேகத்துக்கு முன்னுரிமை தரும் பெர்ஃபார்மன்ஸ் நிலையில் டிஎல்எஸ்எஸ் உள்ளுக்குள் வரைவது 1920×1080 தான். இல்லாத 4கே-க்கு மானிட்டர் எதற்கு? மூன்றடி என்று நான் சொன்னது இப்போதும் சரியே.

வைகைக்கரையான்:
மீண்டும் மூன்றடியா? 1080-இலிருந்து உயர்த்திய படமானாலும் 4கே மானிட்டரில் ஓரங்கள் கூர்மையாகவே தெரிகின்றன. 1440பி-யில் பல விளையாட்டுகளில் பிராசசர்தான் முட்டுக்கட்டையாகிறது. லட்சத்துக்கு மேல் கொடுத்து வாங்கிய கார்டு பாதி நேரம் சும்மா கிடக்கிறது. அதை ஏன் மாணவரிடம் மறைக்கிறீர்கள்? மேசை இரண்டடி, 4கே தெரியும். அளவு நாடாவை எடுத்து அளந்து பாருங்கள்.

திருநகர் வாசி:
மேசையை அளந்தால் கண்ணின் தூரம் கிடைத்துவிடாது. நாற்காலியில் முதுகைச் சாய்த்துக் கண்ணிலிருந்து மானிட்டர் வரை அளந்துவிட்டே எழுதுகிறேன்: என் வீட்டில் அது மூன்றடி. நாடாவை நீட்டிக்கொண்டு மேசை விளிம்போடு நிறுத்திவிட்டவர் நீங்கள்தான்.